பிரசவத்துக்குப் பின் முதுகுவலி: சேலம், ஏற்காடு பக்கத்து அம்மாக்களுக்கு முழுமையான வழிகாட்டி

குழந்தை பிறந்த வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போவதெல்லாம் குழந்தைக்காகத்தான். மஞ்சள் காமாலை இருக்கிறதா பார்க்க, எடை பார்க்க, ஒன்றரை மாத ஊசி போட. அம்மாவும் கூடவே போகிறாள், பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் எழுவதை வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள். "புள்ள பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் கண்ணு" என்று ஆயா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது.

ஆயா சொல்வதில் பாதி சரி. பிரசவத்துக்குப் பின் முதுகும் இடுப்பும் வலிப்பது மிகச் சாதாரணம், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே குறைந்துவிடும். ஆனால் எல்லோருக்கும் வருகிறது என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வைத்தியம் இருக்கிறது, அதில் பெரும்பகுதி சேலத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

1. அவசரம் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

முதுகுவலியோடு கீழே சொல்லும் எதாவது ஒன்று இருந்தால் பிசியோதெரபி, எண்ணெய், ஒத்தடம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தொடைகளின் உள்பக்கமும் உட்காரும் இடமும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலம் கட்டுப்படாமல் போவது, கால் வலுவிழந்து தடுமாறுவது. இவை தண்டுவடத்தின் அடிப்பகுதி நரம்புகள் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். மணிக்கணக்கு பார்க்க வேண்டிய விஷயம் இது.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாவுக்குக் கீழே முதுகில் வலியும் இருந்தால் சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம். உதிரம் துர்நாற்றத்தோடு வந்தால் கர்ப்பப்பைத் தொற்றாக இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைகிற அளவுக்கு ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலிப்பது, நெஞ்சுவலி, மூச்சு வாங்குவது, கண் மங்கலோடு கடும் தலைவலி ஆகியவையும் இதே பட்டியலில்தான். முதுகில் மரப்பு ஊசி போட்டவர்களுக்கு, உட்கார்ந்தால் தலை பிளப்பதுபோல் வலித்துப் படுத்தால் குறைகிறது என்றால், அதையும் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் உடனே சொல்ல வேண்டும்.

108-ஐ அழையுங்கள். மலைக் கிராமத்திலிருந்து அழைத்தால் ஊர்ப் பெயரோடு, பக்கத்து எஸ்டேட் பெயர், பஸ் நிற்கும் இடம், வண்டி எதுவரை வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடிவாரத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. "விடியட்டும், பார்க்கலாம்" என்று இருந்துவிடக் கூடாது.

2. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று குறித்து வையுங்கள்

டாக்டர் உங்களைப் பார்ப்பது சில நிமிடங்கள்தான். "டாக்டர், இடுப்பு வலி" என்று மட்டும் சொன்னால் ஒரு மாத்திரையும் கால்சியமும் எழுதித் தருவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இடது பக்கம், பின்னால் குழி விழும் இடத்துக்குக் கீழே வலிக்குது. படுக்கையில் புரளும்போதும் மாடிப்படி ஏறும்போதும் அதிகம். உட்கார்ந்திருந்தா அவ்வளவா இல்லை." கேட்பவரின் கவனமே மாறும். இந்த விவரம் இடுப்பெலும்பு மூட்டைச் சுட்டுகிறது. தோளுக்கு நடுவிலும் கழுத்திலும் வலி என்றால் பால் கொடுக்கும் விதத்தை முதலில் பார்க்க வேண்டும். புட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வரை மின்சாரம்போல் இழுத்தால் நரம்பு சம்பந்தப்பட்டது. முன்பக்கம் அடிவயிற்றுக்குக் கீழே எலும்பு சேரும் இடத்தில் வலித்து, ஒரு காலில் நின்று பாவாடை கட்ட முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

வெட்கப்படாமல் சொல்ல வேண்டியது இன்னொன்று: இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிகிறதா? முதுகைத் தாங்குவதில் இடுப்படித் தசைக்கும், அதாவது சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைக்கும், பங்கு உண்டு. கசிவும் முதுகுவலியும் பல சமயம் சேர்ந்தே வரும், சேர்த்தே சரிசெய்யவும் முடியும்.

3. ஏன் வலிக்கிறது

கர்ப்பகாலத்தில் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்கள் இடுப்பு மூட்டுகளைச் சுற்றியுள்ள தசைநார்களைத் தளர்த்துகின்றன. குழந்தை பிறந்த மறுநாளே அவை பழையபடி இறுகிவிடாது, மாதங்கள் பிடிக்கும். வயிற்றின் முன்தசைகள் நடுவில் விலகியிருக்கும். சிசேரியன் என்றால் வயிற்றில் தையலும் சேர்ந்துவிடுகிறது. முன்பக்கம் தாங்காதபோது பாரம் முழுக்க முதுகின் மேல் விழுகிறது. அந்த முதுகோடுதான் இரவு பகலாகக் குனிந்து, தூக்கி, வளைந்து உட்கார்ந்து பால் கொடுக்கிறோம்.

சேலத்தில் நான் கேட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்லும் காரணம் வேறு: "முதுகுல ஊசி போட்டாங்க, அதுல இருந்துதான்." ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம், உண்மைதான். ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கு அந்த ஊசி காரணம் இல்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஊசியே போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இதே வலி வருகிறது. பழியை ஊசி மேல் போட்டுவிட்டால் "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று மனம் விட்டுப்போகிறது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

4. யாரிடம் முதலில் போவது

நேராக முதுகெலும்பு ஸ்பெஷலிஸ்டிடம் ஓட வேண்டாம். முதல் ஆள் உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியர், நகரம் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய செவிலியர். பிரசவத்துக்குப் பின் 42 நாட்களுக்குள் வீட்டுக்கு வந்து பார்ப்பது அவர்கள் பணியில் ஒன்று. குழந்தையை எடை பார்த்துவிட்டுக் கிளம்பும் முன் உங்கள் வலியைச் சொல்லிவிடுங்கள். முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவர்கள் இங்கேதான் நழுவிப்போகிறார்கள். பதிவு கணவர் ஊரில் இருக்கும், இருப்பு இங்கே இருக்கும், எந்தச் செவிலியரும் வர மாட்டார். கையில் உள்ள தாய் சேய் நல அட்டையோடு பக்கத்து சுகாதார நிலையத்துக்கு நீங்களே போய், இந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது, ஆறாவது வாரம். குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போடப் போகும் அதே நாளில் உங்களுக்கும் ஓபி சீட்டு வாங்குங்கள். தனியாக இன்னொரு நாள் போகலாம் என்று தள்ளினால் அந்த நாள் வரவே வராது. மகப்பேறு மருத்துவர் தையல், ரத்தசோகை, தொற்று எல்லாம் பார்த்துவிட்டுப் பிசியோதெரபிக்கு எழுதித் தருவார். அவரே எழுதாவிட்டால் "பிசியோவுக்கு அனுப்புறீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். நடக்க முடியாத வலி என்றால் ஆறு வாரம் காத்திருக்கவே வேண்டாம்.

சேலத்தில் பெரிய இடம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஊர்வழக்கில் ஜி.எச். மகப்பேறு, எலும்பு, நரம்பு, பிசியோதெரபி எல்லாம் ஒரே வளாகத்தில். மருத்துவக் கல்லூரி இரும்பாலை ரோட்டில் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருப்பது நகரின் நடுவில். பெயரை மட்டும் பார்த்து ஆட்டோ ஏறினால் ஊர் சுற்ற வேண்டிவரும். புறநோயாளிப் பிரிவு காலை நேரத்தில்தான். சீக்கிரம் போங்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள், பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காதீர்கள். வரிசை நீளமாக இருக்கும். உட்கார்ந்தும் நின்றும் மாறிக்கொண்டே இருங்கள்.

ஏற்காட்டுக்காரர்கள் ஒவ்வொரு முறையும் 30 கிலோமீட்டர் இறங்கி ஏறுவது வலியைக் கூட்டும். முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே போய்ப் பிசியோதெரபி தருவதும் உண்டு. பெரும்பாலும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும்தான் அந்தச் சேவை போகிறது. இருந்தாலும் உங்கள் வட்டாரத்துப் பிசியோதெரபிஸ்ட் எந்த நாளில் எங்கே வருவார் என்று செவிலியரிடம் கேட்டால் மலையிலேயே பார்த்துவிடலாம். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பஸ்ஸில் பின்சக்கரத்து மேல் இருக்கும் சீட்டைத் தவிர்த்து முன்பக்கமாக உட்காருங்கள், இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து மலை இறங்குவது வேண்டவே வேண்டாம்.

தனியாரிடம் போவதானால் ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ், மெய்யனூர் பக்கம் பிசியோ கிளினிக் போர்டுகளுக்குக் குறைவில்லை. போர்டைவிட ஆளைப் பாருங்கள். பி.பி.டி. அல்லது எம்.பி.டி. (பிசியோதெரபி பட்டங்கள்) படித்தவரா, பிரசவமான பெண்களைப் பார்த்த அனுபவம் உண்டா, பெண் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா என்று போனிலேயே கேட்டுவிடலாம். வந்த முதல் நாளே கரண்ட் வைத்துப் படுக்கவைத்து, "பத்து நாள் வாங்க, பேக்கேஜ்" என்று பணத்தைப் பேசுகிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். எந்திரச் சூடு தற்காலிகமாக இதமாக இருக்கும், தசைக்கு வலு கொடுப்பது பயிற்சிதான்.

5. நல்ல பிசியோ என்ன செய்வார்

என் தங்கையோடு போனபோது கண்ணெதிரே பார்த்தேன். அங்கிருந்த பெண் பிசியோ மேசையில் படுக்கச் சொல்லவில்லை. ஒரு போர்வையை மடித்துத் தரையில் வைத்து, "இதுதான் பாப்பா. வீட்ல எப்படித் தூக்குவீங்களோ அப்படியே தூக்குங்க" என்றார். தங்கை நின்ற இடத்திலிருந்தே இடுப்பை மடக்கிக் குனிந்து, கையை நீட்டி அள்ளினாள். "ஒரு நாளைக்கு இப்படி எத்தனை தடவை?" தங்கை என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். யார் எண்ணினார்கள்? அப்புறம் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, போர்வையை முதலில் மடிக்கு இழுத்து, நெஞ்சோடு அணைத்து, மூச்சை விட்டுக்கொண்டே எழச் செய்தார். அதையே திரும்பத் திரும்ப. வீட்டுக்கு வந்ததும் முதலில் மாறியது தங்கை குழந்தையை எடுக்கும் விதம்தான்.

வயிற்றுத் தசை விலகலையும் அவர் பார்ப்பார். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கித் தலையை மட்டும் லேசாகத் தூக்கும்போது தொப்புளுக்கு மேலும் கீழும் விரல் வைத்து அளப்பார்கள். எட்டு வாரம் கழித்தும் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் அதற்கென்றே பயிற்சி தேவை.

எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ. வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். கால் வலு குறைவது, காய்ச்சல், விழுந்து அடிபட்டது போன்ற காரணம் இருந்தால்தான் ஸ்கேன். அப்படி எடுக்க வேண்டிவந்தால் எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்ததற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

6. வீட்டில் மாற்ற வேண்டியவை

பால் கொடுக்கும்போது குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் குனியாதீர்கள். சுவரில் சாய்ந்து, இடுப்பு வளைவில் சுருட்டிய துண்டு, மடியில் இரண்டு தலையணை, நாற்காலி என்றால் காலடியில் ஒரு பலகை. குழந்தை வாய் வைத்ததும் தோளைத் தளர்த்துங்கள். பிஞ்சு முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க ஆசையாகத்தான் இருக்கும், கழுத்துக்கு அது ஆகாது. இரவில் ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பது முதுகுக்குப் பெரிய ஓய்வு. குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் தலையணையும் கம்பளியும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூளி நம் வீடுகளில் தாழ்வாகத்தான் கட்டப்படுகிறது. விழுந்தால் அடிபடக் கூடாது என்பதால் அது சரியும்கூட. தூளியை உயர்த்த வேண்டாம், நீங்கள் இறங்குங்கள்: முட்டி போட்டு எடுங்கள்.

குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் வேலை முதல் சில வாரம் பாட்டியோ அத்தையோ செய்யட்டும். காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து குனிந்து செய்யும் வேலை, பச்சை உடம்புக்காரிக்கு அதைவிட மோசமான நிலை கிடையாது. வெந்நீர் வாளி, காஸ் சிலிண்டர், ஈரத்துணி பக்கெட் இவற்றைத் தொடவே வேண்டாம். சிசேரியன் என்றால் ஆறு வாரத்துக்குக் குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. வீட்டு ஆண்களுக்கு இந்த வரியை வாசித்துக் காட்டுங்கள்.

படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல் முதலில் பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள். முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டே புரளுங்கள்.

7. பயிற்சிகள்

சுகப்பிரசவம் என்றால் உடம்பு தேறியதும் ஓரிரு நாளிலேயே தொடங்கலாம். சிசேரியன் என்றால் மூச்சுப் பயிற்சியும் பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும் முதல் நாளே, இடுப்படித் தசைப் பயிற்சி சிறுநீர்க் குழாய் எடுத்த பிறகு, மற்றவை டாக்டர் சரி என்ற பிறகு.

மல்லாந்து முழங்காலை மடக்கிப் படுங்கள். மூச்சை வயிற்றுக்குள் இழுத்து, மெல்ல விடும்போது தொப்புளை உள்ளே இழுங்கள். அடுத்து, சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் இடுப்படித் தசையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, மூச்சை அடக்காமல். பால் கொடுக்கும் நேரத்தில் இதைச் செய்தால் மறக்காது. மூன்றாவது, படுத்த நிலையிலேயே இடுப்பு வளைவைப் பாய்மேல் அழுத்தித் தளர்த்துவது, பத்து முறை. இவை பழகிய பிறகு இடுப்பை மேலே உயர்த்தி இறக்கும் பயிற்சி. கூடவே நடை: பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள், சமதளத்தில். மலையில் இருப்பவர்களுக்குச் சமதளம் தேடுவது கஷ்டம்தான், எஸ்டேட் ரோட்டில் ஏற்றமில்லாத ஒரு துண்டு போதும்.

தொப்பை குறையும் என்று யூடியூப் பார்த்து எழுந்து எழுந்து உட்காரும் பயிற்சியோ இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவதோ இப்போதைக்கு வேண்டாம். வயிற்றின் நடுவே மேடாகக் கூம்பிக்கொண்டு வந்தால் அந்தப் பயிற்சி உங்களுக்கு அதிகம் என்று அர்த்தம்.

8. எண்ணெய், வயிற்றுக் கட்டு, பத்தியம், மாத்திரை

எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது இதமானது, நான் அதற்குக் கட்சி. இறுகிய தசை தளரும், அதைவிட முக்கியமாக அந்த அரை மணி நேரம் ஒருவர் அம்மாவைக் கவனிக்கிறார். தையல் ஆறும்வரை அந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும், தண்ணீர் கொதிக்கக் கூடாது. முதுகெலும்பின் மேல் ஏறி மிதிப்பது, இடுப்பை முறுக்கிச் சொடக்கு எடுப்பது இவற்றுக்குக் கண்டிப்பாக வேண்டாம் சொல்லுங்கள். தளர்ந்திருக்கும் மூட்டு அதைத் தாங்காது.

சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டுவது, பெல்ட் போடுவது பற்றிக் கேட்கிறார்கள். சிசேரியனுக்குப் பின் நடக்கும்போது மிதமாகக் கட்டினால் தைரியமாக இருக்கும். மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி இடுப்படித் தசையைத்தான் தள்ளும். நாள் முழுக்கக் கட்டிக்கொண்டே இருந்தால் சொந்தத் தசை வேலை செய்ய மறந்துவிடும்.

தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று பத்தியத்தில் தண்ணீரைக் குறைப்பதுதான் எனக்குக் கோபம் வரும் விஷயம். மலச்சிக்கல் வரும், முக்கினால் முதுகு இன்னும் வலிக்கும், பால் கொடுப்பவளுக்குத் தாகமும் அதிகம். தாகத்துக்குக் குடிக்கட்டும், கீரையும் பழமும் சாப்பிடட்டும்.

அரசு சுகாதார நிலையத்தில் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாட்களுக்கு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் தருகிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. வலிக்குப் பாராசிட்டமால் பால் கொடுக்கும்போதும் பாதுகாப்பானது. ஐபுப்ரோஃபெனும் பொதுவாகத் தரப்படுகிறது, அல்சர், ஆஸ்துமா, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான். கோடீன், டிராமடால் கலந்தவற்றை மருந்துக்கடையில் தானாக வாங்கவே கூடாது, அவை பால் வழியாகக் குழந்தையின் மூச்சைப் பாதிக்கலாம். பெயர் இல்லாத பொட்டலப் பொடியும் வேண்டாம். சித்தா பிரிவில் மருந்து வாங்குவதாக இருந்தால் பால் கொடுப்பதை முதலிலேயே சொல்லுங்கள். கற்பூரம் சேர்ந்த தைலம் குழந்தைக்கு ஆபத்து. மார்புப் பக்கம் தடவாமல், தடவிய கையைக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தொடுங்கள்.

9. வேலைக்குத் திரும்பும்போது

அம்மாபேட்டையில் தறிக்குழியில் கால் விட்டு உட்காருபவருக்கும், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலைக்குத் தரையில் குனிந்தே இருப்பவருக்கும், மலையில் காப்பிப் பழச் சாக்கைச் சரிவில் சுமப்பவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. பிசியோவிடம் உங்கள் வேலையைச் செய்து காட்டுங்கள். உட்கார்ந்த வேலை என்றால் அரை மணிக்கொரு முறை எழுந்து நின்று முதுகைப் பின்னுக்கு வளைப்பது, புட்டத்துக்கு அடியில் ஒரு மனை போட்டு உயர்ந்து உட்காருவது. சுமை வேலை என்றால் பாதிச் சாக்காக இரண்டு நடை. தோட்டத் தொழிலாளர்களுக்கும் சட்டப்படி மகப்பேறு விடுப்பு உண்டு. தகுதி இருந்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. சீக்கிரம் வா என்று மேஸ்திரி கூப்பிட்டால் இதை எடுத்துச் சொல்லலாம்.

10. மூன்று மாதமாகியும் குறையவில்லை என்றால்

மறுபடியும் போங்கள், இந்த முறை எலும்பு மருத்துவரிடம். வைட்டமின் டி, கால்சியம், ரத்தசோகை, தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். நாற்பது நாள் கதவைச் சாத்திய அறையில் இருந்தவர்களுக்கு வெயில் ஊரிலும் வைட்டமின் டி குறையும். படுத்தாலும் குறையாத ராத்திரி வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைவது இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும், பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். லேசாக எதையோ தூக்கியபோது நடுமுதுகில் திடீரென்று ஊசி குத்துவதுபோல் வலி தொடங்கி, நிற்கவே முடியவில்லை என்றால், பால் கொடுக்கும் காலத்தில் அரிதாக வரும் எலும்புத் தேய்வில் முள்ளெலும்பு நொறுங்கியிருக்கலாம். இதற்குக் காத்திருப்பே கூடாது.

வலியும் தூக்கமின்மையும் சேர்ந்து அழுகை அழுகையாக வருவது, குழந்தை மேல் பிடிப்பே இல்லாமல் போவது, வாழ்வதே வீண் என்று தோன்றுவது இருந்தால் அதையும் டாக்டரிடம் முதுகுவலியைச் சொல்வதுபோலவே சொல்லுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும், தமிழிலேயே, கட்டணம் இல்லாமல் பேசலாம். எங்கே போவது என்றே புரியவில்லை என்றால் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழைத்துக் கேளுங்கள்.